பெயர் வாசிக்காத வரிசை



2024-ஆம் ஆண்டு திசம்பர் விடுமுறையில் என் பழைய மாணவி ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆறாம் ஆண்டு வரை நம் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் பயின்றவர். அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்றுப் பிரான்சு நாட்டுக்குப் பொறியியல் படிக்கச் சென்றவர். ஆல்ப்சு மலைகளுக்கு நடுவே உள்ள கிரனோபிள் நகரில் தங்கியிருந்தார். குளிரைப் பற்றியும், மொழி பிடிபட்ட கதையைப் பற்றியும் எழுதிவிட்டு, இறுதியில் பல்கலைக்கழக உணவகத்தைப் பற்றி நான்கைந்து வரிகள் எழுதியிருந்தார். "ஐயா, இங்கே எல்லாரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம். என் பக்கத்தில் நிற்கும் தோழி 1 யூரோ கொடுக்கிறாள். நான் 3 யூரோ 30 காசு கொடுக்கிறேன். அட்டையைத் தொட்டால் அதுவே கணக்கிட்டுக்கொள்கிறது. யார் பெயரையும் யாரும் வாசிப்பதில்லை."

கடைசி வரியைப் படித்தபோது என் கை நின்றுவிட்டது. பெயர் வாசித்தவன் நான்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளியில் ஏழை மாணவர்க்கான இலவச உணவுத் திட்டத்திற்கு நான் பொறுப்பாசிரியராக இருந்தேன். காலைச் சபைகூடலில் ஒலிவாங்கியைப் பிடித்து, உணவு பெற வேண்டியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பேன். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் எழுந்து வரிசையாகச் சிற்றுண்டிச் சாலைக்குச் செல்வர். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பர். அதில் தவறு இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை. ஒழுங்காக நடக்கிறது, ஒருவரும் விடுபடவில்லை என்றே மகிழ்ந்தேன். ஒரு பையன் மட்டும் எழுந்திருக்க மாட்டான். கேட்டால், "வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டேன் ஐயா" என்பான். சாப்பிடவில்லை என்பது பின்னர் அவன் தாயாரிடம் பேசியபோதுதான் தெரிந்தது. அப்பொழுதும் அதைப் பிள்ளையின் பிடிவாதம் என்றே நினைத்தேன்.

மாணவியின் கடிதத்திற்குப் பதில் எழுதுவதற்கு முன்பு, அந்த நாட்டில் இந்த ஏற்பாட்டை நடத்துவது யார், எப்படி நடத்துகிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். நம் பிள்ளைகள் அங்கே படிக்கப் போகிறார்கள் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. உதவியை எவ்வாறு கொடுப்பது என்னும் கேள்விக்கு ஒரு நாடு எழுபது ஆண்டுகளாக விடை தேடிக்கொண்டிருக்கிறது. சில இடங்களில் நன்றாகவும் சில இடங்களில் மோசமாகவும் விடை கண்டிருக்கிறது. நாம் அதை அறிந்துகொள்ள வேண்டும்.

அந்த அமைப்பைச் சுருக்கமாகக் 'குரூஸ்' என்கிறார்கள். பல்கலைக்கழக, பள்ளி மாணவர் நலப்பணிகளுக்கான வட்டார நடுவம் என்று அதன் பெயரை விரித்துச் சொல்லலாம். நாடு முழுவதும் 26 வட்டார நடுவங்கள் உள்ளன. இவற்றுக்கு மேலே, தலைமை நடுவம் ஒன்று இருக்கிறது. உணவகம், தங்கும் விடுதி, குடும்ப வருமானத்தை அடிப்படையாகக் கொண்ட உதவித்தொகை, சமூகநலப் பணியாளரின் ஆலோசனை ஆகிய நான்கும் ஒரே கூரையின்கீழ் வருகின்றன. நம் நாட்டில் கடனுக்கு ஓரிடம், உபகாரச் சம்பளத்திற்கு வேறோரிடம், விடுதிக்குப் பல்கலைக்கழக அலுவலகம் என்று அலைகிறோமே, அந்த அலைச்சல் அங்கே ஓரளவு குறைவு. உதவித்தொகைக்கும் விடுதிக்கும் ஒரே விண்ணப்பம்தான்; வழக்கமாக மார்ச்சு தொடங்கி மே இறுதிவரை இணையத்தில் நிரப்ப வேண்டும். பெற்றோர் ஒருவர் அந்த நாட்டு முறையைப் பற்றி என்னிடம் கேட்டால் முதலில் இந்தத் தேதியைத்தான் சொல்வேன். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் அங்கேயும் தவறவிடுகிறார்கள்.

இவ்வமைப்பு மேலிருந்து இறங்கி வந்த அரசுத் துறை அன்று. அதன் வேர் மாணவர்களிடமே இருந்தது. 1907-இல் லில் நகரில் தோன்றிய பிரான்சு மாணவர் தேசிய ஒன்றியம், முதல் உலகப் போருக்குப் பின் வறுமையில் வாடிய மாணவர்க்காக உணவகங்களையும் இல்லங்களையும் நடத்த முற்பட்டது. அக்காலத்தில் காசநோய் மாணவர்களை வாட்டியது. 1933-இல் கிரனோபிளுக்கு அருகில், செயின்ட் இலேர் என்னும் மலைச்சிற்றூரில் மாணவர்களுக்கென்றே ஒரு காசநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. படுக்கையில் இருந்தவாறே பாடம் படித்துத் தேர்வுக்கு ஆயத்தமாகலாம் என்பது அதன் சிறப்பு. 1936-இல் கல்வியமைச்சர் சான் சே, இப்பணிகளை ஒருங்கிணைக்க ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தார். அந்த நல்ல மனிதரை 1944-இல் நாசிகளுக்குத் துணைபோன உள்நாட்டுக் கும்பல் சுட்டுக் கொன்றது.

போர் முடிந்ததும், 1946-இல், மாணவர் ஒன்றியத்தின் மாநாடு அதே கிரனோபிளில் கூடி ஒரு சாசனத்தை ஏற்றது. மாணவன் என்பவன் இளம் அறிவுத் தொழிலாளி என்று அச்சாசனம் வரையறுத்தது. அச்சொல்லைப் படித்தபோது நான் சற்று நேரம் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். தொழிலாளி என்றால் அவனுக்கு உரிமை உண்டு. நோயுற்றால் காப்பு உண்டு. அவன் கையேந்தி நிற்பவன் அல்லன். 1948-இல் மாணவர்க்கெனச் சமூகக் காப்புறுதி வந்தது. 1955 ஏப்ரல் 16-ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம், இந்த நலப்பணிகள் அனைத்தையும் பொது நிறுவனங்களாக்கியது. அன்று பிறந்தவையே இன்றைய குரூஸ் நடுவங்கள்.

அரசு எடுத்துக்கொண்ட பின்னும் மாணவர்களை வெளியே தள்ளிவிடவில்லை. ஒவ்வொரு வட்டார நடுவத்தின் ஆட்சிக் குழுவிலும் மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மாணவப் பேராளர்கள் அமர்கிறார்கள். துணைத் தலைவர் பதவியும் ஒரு மாணவருக்கே. விடுதிக் கட்டணம், உணவின் தரம் முதலியவை பேசப்படும்போது, அந்த உணவைத் தின்று அந்த அறையில் தூங்குபவரும் மேசையில் இருக்கிறார். தேர்தலில் வாக்களிப்போர் மிகக் குறைவு என்ற குறை அங்கே நெடுநாளாக உண்டு. இருப்பினும் நான் என்னையே கேட்டுக்கொண்டேன்: பள்ளியில் உணவுத் திட்டத்தை நடத்திய அத்தனை ஆண்டுகளில், "உங்களுக்கு எப்படிக் கொடுத்தால் பிடிக்கும்?" என்று ஒரு பிள்ளையையாவது கேட்டிருக்கிறேனா?

உதவித்தொகைக்கு வருவோம். கணக்கு ஆசிரியர்கள் இந்தப் பகுதியைச் சுவைப்பார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. குடும்பச் சுமைக்குப் புள்ளிகள் உண்டு. வீட்டுக்கும் படிக்கும் இடத்திற்கும் இடையே 30 முதல் 249 கிலோமீட்டர் வரை இருந்தால் 1 புள்ளி; 250-ஐத் தொட்டால் 2 புள்ளிகள். பெற்றோரைச் சார்ந்து வேறு பிள்ளை இருந்தால் ஒவ்வொருவருக்கும் 2 புள்ளிகள். அப்பிள்ளை உயர்கல்வியில் இருந்தால் 4 புள்ளிகள். மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி 300 கிலோமீட்டர் தொலைவில் படிக்கிறாள். பள்ளியில் இரண்டு தம்பிகள். கல்லூரியில் ஓர் அண்ணன். அவளுக்கு 2, தம்பிகளுக்கு 4, அண்ணனுக்கு 4, ஆக 10 புள்ளிகள். புள்ளிகள் ஏற ஏற வருமான வரம்பும் தளர்கிறது. இவ்விரண்டையும் வைத்து எட்டுப் படிநிலைகளில் ஒன்று அவளுக்குக் கிடைக்கும். 2023-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி, மிகக் கீழ்ப்படிக்கு ஆண்டுக்கு 1,454 யூரோ. மிக மேல்படிக்கு 6,335 யூரோ. அதைப் பத்து மாதத் தவணைகளாகக் கொடுக்கிறார்கள். திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. ஏறத்தாழ 7 இலட்சம் மாணவர்கள் இதனைப் பெறுகிறார்கள்.

இதில் சட்டமன்ற உறுப்பினரின் கடிதம் வேண்டியதில்லை. தலைமையாசிரியரின் பரிந்துரையும் வேண்டியதில்லை. "நல்ல பையன், ஏழைக் குடும்பம், பார்த்துச் செய்யுங்கள்" என்று எழுதிக் கையொப்பமிட்ட கடிதங்கள் என் பணிக்காலத்தில் எத்தனையோ! அக்கடிதத்தை வாங்குவதற்காக வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து அலுவலக வாசலில் காத்திருந்த தந்தையரை நினைக்கிறேன். புள்ளிக் கணக்குக்கு முகம் தெரியாது. அதுவே அதன் நன்மை.

அதுவே அதன் கொடுமையும் ஆகக்கூடும். கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவது இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய வருமானம். இடையில் தந்தை வேலை இழந்தால் மறுபரிசீலனைக்கு வழி இருக்கிறது. ஆனால் அதற்குத் தனியே எழுதி, சான்று காட்டி, காத்திருக்க வேண்டும். 2013 முதல் 2023 வரை விலைவாசி ஏறிக்கொண்டே போக, வருமான வரம்பு நகராமலே கிடந்தது. வரம்புக்குச் சற்று மேலே நின்றுவிட்ட குடும்பங்கள் ஏழ்மையும் இல்லாத, வசதியும் இல்லாத இடைவெளியில் சிக்கிக்கொண்டன. பெற்றோரிடம் பணம் இருந்தும், பிள்ளைக்கு ஒரு காசும் தராத வீடுகளும் உண்டு. காதல், மதம், படிப்புத் தேர்வு என்று ஏதோ ஒன்றால் உறவு முறிந்திருக்கும். கணக்கின் கண்ணுக்கு அந்தப் பிள்ளை வசதியானவர் வீட்டுப் பிள்ளைதான்.

தேர்ச்சி பற்றிய நிபந்தனையும் உண்டு. குறிப்பிட்ட அளவு பாடங்களில் தேறினால்தான் அடுத்தடுத்த ஆண்டுகளுக்குத் தொகை தொடரும். 2019 நவம்பரில் லியோன் நகரில், 22 வயது மாணவர் ஒருவர் குரூஸ் அலுவலகத்தின் முன்னால் தம் உடலில் தீ வைத்துக்கொண்டார். உயிர் பிழைத்தார்; உடல் பெரிதும் வெந்துபோயிற்று. இரண்டாம் ஆண்டை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்ததால் அவருக்கு உதவித்தொகை நின்றிருந்தது. மாதம் 450 யூரோ கிடைத்தபோதே வாழ முடிந்ததா என்று அவர் எழுதி வைத்த மடல் கேட்டது. நாடு முழுவதும் மாணவர்கள் தெருவில் இறங்கினர். இத்தகைய துயரத்திற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது, சொல்லவும் கூடாது. ஆயினும் ஆசிரியர்களாகிய நாம் ஒன்றை அறிவோம். பணம் போதாத மாணவன் பகுதிநேர வேலைக்குப் போகிறான். வேலைக்குப் போனவன் வகுப்பில் உறங்குகிறான். உறங்கியவன் தேர்வில் தவறுகிறான். தவறியவனிடம், "நீ தேறவில்லை, ஆகவே பணம் இல்லை" என்று சொல்வது நேர்மையான விதிபோலத் தோன்றும். எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் போனால்தான் அதன் கோணல் தெரியும்.

தங்கும் விடுதிகளைப் பற்றி நிறைய எழுதலாம், கொஞ்சமாகச் சொல்கிறேன். நாடு முழுவதும் குரூஸிடம் உள்ள இடங்கள் ஏறத்தாழ 1,75,000. மாணவர்களோ ஏறத்தாழ 30 இலட்சம். பதினேழு பேருக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் ஓர் அறை 9 சதுர மீட்டர். கட்டில், மேசை, சாளரம், கைகழுவும் தொட்டி. குளியலறையும் சமையலறையும் பொது. புதுப்பிக்கப்பட்ட அறைகளில் குளியலறை உள்ளேயே வந்துவிட்டது. வாடகை வெளிச்சந்தையைவிட மிகக் குறைவு என்பதால் இதற்குப் பெரும் போட்டி. உதவித்தொகை பெறுவோர்க்கே முதலிடம். 1967 மார்ச்சில் பாரிசை அடுத்த நான்தேர் விடுதியில், பெண்கள் கட்டடத்துக்குள் ஆண்கள் நுழையக்கூடாது என்ற விதியை எதிர்த்து மாணவர்கள் அக்கட்டடத்தைக் கைப்பற்றினர். 1968-இல் நாட்டையே உலுக்கிய கிளர்ச்சிக்கு அதையும் ஒரு முன்னோட்டமாகச் சொல்வர். விடுதிக் காப்பாளராக இருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்!

2024 பாரிசு ஒலிம்பிக்கின்போது நடந்ததை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாரிசு வட்டாரத்தில் 3,000-க்கும் மேற்பட்ட மாணவர் அறைகளைக் கோடைக்காலத்தில் விளையாட்டுப் பணியாளர்களுக்காகக் காலி செய்யச் சொன்னார்கள். வழக்கு உயர் நிருவாக நீதிமன்றம் வரை போயும் நிற்கவில்லை. இடம் மாற்றப்பட்டோர்க்கு 100 யூரோவும் விளையாட்டுக்கு இரண்டு நுழைவுச் சீட்டுகளும் ஈடாகத் தரப்பட்டன. கோடையில் எல்லாரும் வீடு திரும்பிவிடுவார்கள், அறைகள் வெறுமையாகத்தானே கிடக்கும் என்பது அதிகாரிகளின் எண்ணம். திரும்பிப்போக வீடு இல்லாதவரும், கோடையில் வேலை செய்தாலன்றி அடுத்த ஆண்டு படிக்க முடியாதவரும், கடல் கடந்து வந்தவரும் அந்த 9 சதுர மீட்டரைத்தான் வீடு என்று நினைத்திருந்தார்கள். நுழைவுச் சீட்டைக் கொடுத்து வீட்டைக் கேட்டவர்களுக்கு இது விளங்கவில்லை.

இப்பொழுது உணவகம். என் மாணவியின் வரிசைக்கு வந்துவிட்டோம்.

பிரெஞ்சு மாணவர்கள் அதை 'ரெஸ்தோ யு' என்று செல்லமாக அழைக்கிறார்கள். தட்டை ஏந்திச் சென்றால் ஒரு முக்கிய உணவு, கூடவே பச்சைக்காய்க் கலவை, பழம், இனிப்பு போன்றவற்றில் இரண்டு. ரொட்டியும் உண்டு. ஆண்டுக்கு 4 கோடிக்கும் மேற்பட்ட உணவுகள் பரிமாறப்படுகின்றன. பொது விலை பல ஆண்டுகளாக 3.30 யூரோவாக இருந்தது. ஓர் உணவுக்கு ஆகும் உண்மைச் செலவு அதைப்போல் இருமடங்குக்கும் மேல். எஞ்சியதை அரசு ஏற்கிறது. 2020 செப்டம்பர் முதல் உதவித்தொகை பெறுவோர்க்கு 1 யூரோ ஆக்கப்பட்டது.

அதே ஆண்டில் கொரோனா முடக்கம் வந்தது. பகுதிநேர வேலைகள் மறைந்தன. பாரிசுத் தெருக்களில் மாணவர்கள் உணவுப் பைக்காக நீண்ட வரிசையில் நின்ற படங்கள் உலகெங்கும் வெளிவந்தன. 'கோப் ஆன்' என்னும் மாணவர் தொண்டமைப்பு அக்காலத்தில் பாரிசில் மாணவர்களாலேயே தொடங்கப்பட்டது. உலகின் பெரும் பொருளாதாரங்களுள் ஒன்றான நாட்டில், பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் அரிசிக்கும் பருப்புக்கும் வரிசையில் நின்றார்கள். 2021 சனவரியில் அரசு இறங்கிவந்து, உதவித்தொகை உண்டோ இல்லையோ, எல்லா மாணவர்க்கும் நாளைக்கு இருவேளை 1 யூரோ உணவு என்று அறிவித்தது. அவ்வாண்டுக் கோடை கழிந்ததும் அது திரும்பப் பெறப்பட்டது. உதவித்தொகை பெறுவோர்க்கும், நெருக்கடியில் இருப்பதாக விண்ணப்பித்து ஏற்கப்பட்டவர்க்கும் மட்டும் நீடித்தது.

அன்று தொடங்கிய விவாதம் பல ஆண்டுகள் ஓடியது. 2023 பிப்ரவரியில், அனைவருக்கும் 1 யூரோ என்ற சட்டமுன்வரைவு தேசியப் பேரவையில் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் தோற்றது. 2025 சனவரியில் அதே பேரவை அத்தகைய முன்வரைவை ஏற்றது. 2026 சனவரியில், வரவு செலவுத் திட்ட இழுபறிக்கு நடுவே, தலைமையமைச்சர் லெகோர்னு மே மாதம் முதல் எல்லா மாணவர்க்கும் 1 யூரோ உணவு என்று அறிவித்தார்.

எதிர்த்தவர்கள் சொன்னதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. செல்வர் வீட்டுப் பிள்ளை 1 யூரோவுக்குச் சாப்பிட ஏழையின் வரிப்பணம் ஏன் போக வேண்டும்? தேவைப்படுவோர்க்கு ஏற்கெனவே கிடைக்கிறதே? அப்பணத்தை உதவித்தொகையில் சேர்த்தால் உண்மையான ஏழைக்கு இன்னும் கூடுதலாகக் கொடுக்கலாமே? பத்தாண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால் நானும் இதையே சொல்லியிருப்பேன். நம் ஊர்ப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இதே பேச்சுத்தான். 2019-இல் நம் கல்வி அமைச்சு எல்லாத் தொடக்கப்பள்ளி மாணவர்க்கும் இலவசக் காலையுணவு என்று அறிவித்தபோது, "கார் வைத்திருப்பவன் பிள்ளைக்கும் எதற்கு நாசி லெமாக்?" என்று கேட்டவர்களை நான் அறிவேன். அத்திட்டம் அறிவித்த வடிவில் நடைபெறவில்லை.

இன்று நான் மாற்றுக் கருத்துடையவன். காரணம் பிரான்சின் புள்ளிவிவரம் அன்று. எழுந்திருக்க மறுத்த அந்தப் பையன்.

நெருக்கடியில் இருப்பவர் விண்ணப்பிக்கலாம் என்ற விதியைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். வரம்புக்குச் சற்று மேலே நின்றுபோன மாணவி, சமூகநலப் பணியாளரிடம் நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். முன்பின் அறியாத ஒருவரிடம் தன் வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும். அப்பா பணம் அனுப்புவதில்லை என்று சொல்ல வேண்டும். ஏன் அனுப்புவதில்லை என்றும் சொல்ல வேண்டும். அப்பணியாளர் நல்லவராகவே இருப்பார். அவர்கள் செய்யும் பணி பெரியது. திடீர் இடரில் சிக்கியவர்க்குச் சிறப்பு உதவித்தொகை வாங்கிக் கொடுப்பவர்கள் அவர்களே. ஆனால் மதியச் சோற்றுக்காக ஒருவர் தம் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டுமா? சொல்லக் கூசுகிறவர் பட்டினி கிடப்பார். கேட்டால், "சாப்பிட்டுவிட்டேன்" என்பார். அவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். விண்ணப்பிக்காதவரைத் தேவையில்லாதவர் என்றே அலுவலகம் எண்ணும். என் பட்டியலிலும் அந்தப் பையனின் பெயருக்கு நேரே 'வேண்டாம் என்றார்' என்றுதான் குறித்து வைத்தேன்.

ஆகவே என் கருத்து இது. பணத்தை அளந்து கொடுங்கள். அதற்குப் புள்ளிக் கணக்கு நல்ல கருவி, வரம்பை மட்டும் ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்த்து நகர்த்துங்கள். சோற்றை அளக்காதீர்கள். செல்வர் வீட்டுப் பிள்ளையும் அதே தட்டில் உண்ணட்டும். அவன் உண்பதால் வரும் செலவை அவன் தந்தையிடம் வரியாக வாங்கிக்கொள்ள அரசுக்கு வழி தெரியும். அவன் அந்த வரிசையில் நிற்பதால்தான் அது ஏழைகளின் வரிசை ஆகாமல் இருக்கிறது. சோறு குழைந்துபோனாலும் குழம்பு நீர்த்துப்போனாலும் அவனும் முறையிடுவான். ஏழைகள் மட்டும் உண்ணும் இடத்தில் உணவின் தரம் என்ன ஆகும் என்பதைப் பள்ளி உணவுத் திட்டத்தை நடத்திய எந்த ஆசிரியரும் அறிவார்.

1 யூரோவோடு எல்லாம் முடிந்துவிடாது. விலை குறைந்தால் வரிசை நீளும். சமையலுக்கு ஆள் வேண்டும், இருக்கை வேண்டும், ஒரு மணி நேர இடைவேளையில் முக்கால் மணி நேரம் நின்றே கழிந்தால் மாணவர் கடைக்குப் போய் ரொட்டி வாங்கித் தின்பார். சிறு நகரங்களிலும் பல்கலைக்கழகக் கிளைகளிலும் அருகில் உணவகமே இல்லாத மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 1 யூரோ என்பது செய்தித்தாளில் படிக்கும் விலை. அறிவிப்புச் செய்வோர் சமையலறையை எண்ணிப் பார்த்தார்களா என்று அங்குள்ள மாணவர் சங்கங்களும் பணியாளர் சங்கங்களும் கேட்பது நியாயமே.

என் மாணவி சொன்ன ஒரு சிறு செய்தியையும் எழுதிவிடுகிறேன். அங்கே பணம் செலுத்துவது மாணவர் அட்டையின் வழியாக. உதவித்தொகை பெறுபவர் யார் என்பது கணினிக்குத் தெரியும். பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. அவருடைய தோழி ஆறு மாதம் பழகிய பிறகு, தானே சொன்னதால்தான் இவருக்கே தெரியவந்ததாம். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை. ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, வகுப்பாசிரியரிடம் பட்டியலைக் கொடுத்திருந்தாலே போதும். எனக்கு அது அன்று தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து அவருக்குப் பதில் எழுதினேன். நலம் விசாரித்து, படிப்பைப் பற்றிக் கேட்டு, கடைசியில், சபைகூடலில் பெயர் வாசித்தவன் நான்தான், அதை நினைத்து வருந்துகிறேன் என்று எழுதினேன். மறுநாளே பதில் வந்தது.

"தெரியும் ஐயா. பட்டியலில் என் பெயர் நான்காவது."